வராதவர்களுக்கும் சேர்த்து ஒரு சாக்கடை

பயுக்கான், ஏரிக்கரை
17 ஜனவரி 1988

அன்புத் தம்பி நார்சிசோவுக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நான் நலம். முழங்காலைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. உன் வயிறு எப்படி இருக்கிறது? அந்தப் பாலைவனத்து கேன்டீன் சோறு இன்னும் உன்னைப் படுத்துகிறதா? பதிலில் முதலில் அதை எழுது. மற்றதெல்லாம் பிறகு.

ஊரில் பெரிய விசேஷம். நமக்குப் பாதாளச் சாக்கடை வரப் போகிறது. சிரிக்காதே. போன அக்டோபரில் ஏரி ஏறியபோது, வருடக் கணக்கில் நாம் ஏரிக்குக் கொடுத்ததையெல்லாம் ஏரி ஒரே வாரத்தில் கக்கூஸ் வழியாகத் திருப்பிக் கொடுத்தது என்று எழுதியிருந்தேனே. அந்த நாற்றம் மணிலா வரைக்கும் போய் யாரோ பெரிய மனிதர் மூக்கில் ஏறியிருக்க வேண்டும். லக்சமானா என்று ஓர் இஞ்சினியரை அனுப்பிவைத்திருக்கிறார்கள். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நம் சேற்றில் நடக்கிறார். குழாயை அளப்பதற்கு முன்னால் மனிதர்களை அளக்க வேண்டுமாம். இன்றைக்கு எத்தனை பேர், இருபது வருடம் கழித்து எத்தனை பேர், அதை வைத்துத்தான் குழாயின் அகலமும் சுத்திகரிப்பு நிலையத்தின் அளவும். வீடு வீடாக அவரோடு போக ஊர்த்தலைவர் ஹெர்மோஜெனெஸ் என்னைப் பிடித்துப் போட்டார். கணக்கு வாத்தியாரம்மா என்பதால் எவரும் முகத்தில் கதவைச் சாத்த மாட்டார்களாம்.

முதல் வீடு பக்கத்து வீட்டு பாஸ்குவாலாவுடையது. எத்தனை பேர் என்று கேட்டதும் "ஏழு" என்றாள். கண்ணில் பட்டது அவளும், வாசலில் வலை முடைந்துகொண்டிருந்த அவள் புருஷனும், ஒரு நாயும்தான். மற்ற ஐந்து பேர் எங்கே என்றார் இஞ்சினியர். ஒருவன் தோகாவில், பெண்கள் இரண்டு பேர் ஹாங்காங்கில், ஒருவன் கப்பலில், கடைசிப் பையன் குவைத்தில். அப்படியானால் இரண்டு என்று எழுதப் போனார் மனுஷன். பாஸ்குவாலா விளக்குமாற்றை எடுத்துவிட்டாள்.

"என் புள்ளைங்க உசுரோட இருக்காங்க தம்பி. நீ பேனாவால கொன்னுராத."

வெளியே போனவர்களை எண்ணிக்கையில் விட்டுவிட்டால் அவர்கள் திரும்பி வருகிற வழியை நாமே அடைத்த மாதிரி என்று இந்த ஊரில் எந்தத் தாய்க்கும் தெரியும். அவர் மணிலாக்காரர், அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் "ஏழுன்னே எழுதுங்க சார்" என்றேன். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் சண்டை இல்லை. எல்லா வீட்டிலும் எல்லோரும் இருக்கிறார்கள்.

நம் வீட்டுக்கு இரண்டு என்று சொன்னேன். பின்னால் ஏரியைப் பார்த்த உன் மனையையும், புல் மூடிக் கிடக்கும் உன் ஹாலோ பிளாக்குகளையும் காட்டி, என் தம்பி வந்து இங்கேதான் வீடு கட்டப் போகிறான் என்றேன். நன்றாகச் சாப்பிடு. வெயிலில் தலையை மூடிக்கொள்.

உன் அக்கா,
எவாரிஸ்தா


ஜுபைல்
14 பிப்ரவரி 1988

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கட்டளைப்படி முதலில் வயிறு: வயிறு நலம். கேன்டீனில் சாப்பிடுவதைக் குறைத்துவிட்டேன். அவ்வப்போது மீன் போட்ட சினிகாங் குழம்பு கிடைக்கிறது, புளிப்பு சரியாக நம் வீட்டுப் பக்குவம். பம்பில் கையைக் கிழித்துக்கொண்டேன் என்று எழுதினேன் அல்லவா, அந்தத் தையலையும் ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிரித்துவிட்டார்கள். நீ முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, அல்லது கொடுப்பதாக எனக்கு எழுதுவதோடு சரியா?

உன் சாக்கடைச் செய்தியை எங்கள் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். எங்கள் முகாமின் கழிவுநீர் நிலையத்தில் பம்பு ஓட்டுகிறவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். ஐந்து வருடமாக உன் வீட்டுக் கக்கூஸை நான் தொட்டதில்லை. என்னையும் எழுதியிருக்கிறாய். நான் அந்தக் குழாய்க்கு என் பங்கைச் செலுத்த வேண்டுமானால் இங்கிருந்து பார்சல்தான் அனுப்ப வேண்டும்.

விளையாட்டில்லை அக்கா. ஆளில்லாத கணக்குக்குப் பெரிய குழாய் போட்டால் ஓடுகிற தண்ணீர் கொஞ்சமாக இருக்கும். போக வேண்டியது போகாமல் பாதி வழியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும். அந்த நாற்றத்துக்கு ஏரி நாற்றமே தேவலை என்பீர்கள். இஞ்சினியரிடம் சொல்லிவை.

மனையைச் சுற்றி மூங்கில் வேலி போடச் சொல்லி மூன்று கடிதமாக எழுதுகிறேன். கோவிலில் என் ஞானஸ்நானச் சான்றிதழ் ஒன்று வாங்கி அனுப்பு. அலுவலகத்தில் கேட்கிறார்கள்.

பாஸ்குவாலா அக்காவையும் அவள் விளக்குமாற்றையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
நார்சிசோ


பயுக்கான்
20 மார்ச் 1988

என் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். ஒத்தடம் கொடுக்கிறேன், நேற்றுகூடக் கொடுத்தேன், பாஸ்குவாலா சாட்சி.

சான்றிதழ் இதோடு வருகிறது. சவூதியில் அலுவலகம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி. பாதிரியாரும் மூக்குக் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அந்தப் பாலைவனத்தில் சினிகாங்குக்குப் புளி எங்கே கிடைக்கிறது, வைப்பது யார்? நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்.

கணக்கெடுப்பு முடிந்தது. இருக்கிறவர்கள் ஒரு பங்கு என்றால் இல்லாதவர்கள் இன்னொரு பங்கு. இதற்கு மேல் வளர்ச்சி என்று ஒன்று இருக்கிறது. வெளியே இருப்பவர்கள் திரும்பி வரும்போது எத்தனை பேராக வருவார்கள் என்று இஞ்சினியர் கேட்டதுதான் தாமதம், அம்மாக்களுக்கெல்லாம் குஷி வந்துவிட்டது. கப்பலில் இருக்கிற மகனுக்கு நான்கு பிள்ளைகள் போடச் சொன்னாள் பாஸ்குவாலா. அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லையே என்றார் இவர். "கப்பல விட்டு இறங்கட்டும், ஆயிடும்" என்றாள். ஹாங்காங் பெண்களுக்கு இரண்டிரண்டு. குவைத் பையனுக்கு ஒன்று போதும், அவன் சோம்பேறியாம்.

இப்படியே ஊர் முழுக்கப் பேரன் பேத்திகள் பிறந்துவிட்டார்கள். இஞ்சினியர் வரைந்த கோடு தாளைத் தாண்டி மேலே போய்விட்டது. இன்னொரு தாளை ஒட்டி அதில் தொடர்ந்தார். பாவம், ஒட்டும்போது பசை சட்டையில் பட்டுவிட்டது. ஊர்த்தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருடத்தில் நாம் பக்கத்து ஊர் பாலாயோங்கைவிடப் பெரிய ஊராம். அந்த ஊர்த்தலைவரைச் சந்தையில் பார்த்து, "எங்களுக்கு உங்களவிடப் பெரிய சாக்கடை வருது" என்று சொல்லிவிட்டு வந்தார்.

நீ சொன்ன குழாய் விஷயத்தை இஞ்சினியரிடம் சொன்னேன். "உங்க தம்பி சொல்றது ரொம்பச் சரி டீச்சர். ஆனா கணக்கு நீங்க கொடுத்தது" என்றார். அவர் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

ஈஸ்டர் முடிந்ததும் வேலி போடுகிறேன். கடவுள் உன்னைக் காக்கட்டும்.

எவாரிஸ்தா


ஜுபைல்
2 மே 1988

அக்காவுக்கு,

நலம். சான்றிதழ் கிடைத்தது, நன்றி. எடை கூடிவிட்டது, பழைய கால்சட்டை இரண்டுக்கும் பொத்தான் மாட்ட முடியவில்லை. யாரோ தைத்துக் கொடுத்தார்கள்.

இந்த மாதம் வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். பனி பெய்கிற ஊர்களில் முழங்கால் வலி அதிகமாகுமா என்று உனக்குத் தெரியுமா? சும்மா கேட்டேன்.

வேலி போட்டாயிற்றா?

நார்சிசோ


பயுக்கான்
10 ஜூலை 1988

அன்புத் தம்பிக்கு,

கடிதம் போட இரண்டு மாதம் ஆனதற்கு உடம்பு காரணமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. இந்த வருடம் எனக்கு மூன்றாம் வகுப்பு. இருபது பிள்ளைகளுக்குக் கழித்தல் வரவில்லை. கூட்டல் எல்லோருக்கும் வருகிறது.

மழை ஆரம்பித்துவிட்டது. கக்கூஸ் ராத்திரியெல்லாம் குமிழி விடுகிறது. பாஸ்குவாலா அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு, பலகையின் மேல் அரிசி மூட்டையை வைத்து, எல்லாவற்றுக்கும் மேலே புனித இசிதோரை உட்காரவைத்திருக்கிறாள். அவர் விவசாயிகளின் புனிதர், அவருக்கு இதில் என்ன அனுபவம் என்று கேட்டேன். எருவைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும் என்றாள்.

வேலியைப் பற்றிக் கேட்டிருந்தாய். மூங்கில் விற்கிறவர் காலமாகிவிட்டார். நல்ல மனிதர். அவர் மகனுக்கு மூங்கிலில் ஈடுபாடு இல்லை. மேலும், தண்ணீருக்கு அவ்வளவு பக்கத்தில் வீடு எதற்கு என்று யோசித்துப் பார்த்தேன். கொசு, சேறு, ஆகாயத்தாமரை வாசலிலேயே வந்து நிற்கும். என் வீட்டுக்கு மேலேயே இரண்டு அறை எடுத்தால் என்ன? காற்று வரும். நான் கீழே, நீ மேலே. சாப்பாட்டுக்குத் தட்டைத் தட்டினால் போதும். இது வெறும் யோசனைதான்.

மனையில் உள்ள கொய்யா நன்றாகக் காய்த்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள். பனியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, உனக்கு எதற்கு?

உன் அக்கா


பயுக்கான் ஊர்த்தலைவர் அலுவலகம்
1 ஆகஸ்ட் 1988

பெருமதிப்பிற்குரிய திரு. நார்சிசோ அவர்களுக்கு,

கடல் கடந்து உழைக்கும் தங்கள் ஆரோக்கியத்துக்காக ஊர் மக்கள் சார்பில் பிரார்த்தித்துக்கொண்டு எழுதுவது.

ஊரின் எதிர்கால மக்கள்தொகைக்கேற்ற சுத்திகரிப்பு நிலையத்தை அமைக்க, தாழ்வாகவும் காலியாகவும் ஏரியை ஒட்டியும் உள்ள இடம் தங்கள் மனை ஒன்றே என்று தெரியவந்துள்ளது. முதலில் நகராட்சியின் பழைய நெல் ஆலை வளாகத்தைத்தான் நினைத்திருந்தார்கள். ஆனால் தங்கள் சகோதரியார் அரும்பாடுபட்டு எடுத்த கணக்கின்படி ஊர் அவ்வளவு பெரிதாகிவிட்டதால் அந்த வளாகம் போதவில்லை. தங்கள் பரந்த உள்ளத்தை அறிந்தவன் என்பதால், தாங்கள் இடத்தைக் கொடுத்துவிட்டதாக நானே அறிவித்துவிட்டேன். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. தங்கள் சகோதரியார் இன்னும் கையெழுத்திடவில்லை, கேட்டால் தலைவலி என்கிறார். அது சம்பிரதாயம்தானே.

நிலையத்துக்குக் காலஞ்சென்ற தங்கள் தந்தையாரின் பெயரைச் சூட்ட உத்தேசித்துள்ளோம். அவருடைய நல்ல புகைப்படம் இருந்தால் அனுப்பவும்.

தங்கள் வயிற்றுக் கோளாறு பற்றிக் கேள்விப்பட்டோம். ஊரே கவலைப்படுகிறது.

இப்படிக்கு,
ஹெர்மோஜெனெஸ், ஊர்த்தலைவர்


ஜுபைல்
28 ஆகஸ்ட் 1988

அக்காவுக்கு,

நீ சுகம்தானே? உன் தலைவலி பற்றி ஊர்த்தலைவர் எழுதியிருந்தார்.

மூங்கில்காரர் காலமானதற்கு என் அனுதாபம். அவர் மகன் கமிலோ இங்கே என் பக்கத்து அறையில்தான் இருக்கிறான். அவன் அப்பா இந்த மாதத் தொடக்கத்தில் எழுதிய கடிதத்தை எனக்குக் காட்டினான். சொர்க்கத்திலிருந்து தபால் இவ்வளவு சீக்கிரம் வருவது ஆச்சரியம்தான்.

கோபமெல்லாம் இல்லை. யோசித்துப் பார்த்ததில், ஊருக்கு உபயோகம் என்றால் மனையைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. கையெழுத்துப் போட்டுவிடு. நீ இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. ஹாலோ பிளாக்கை மட்டும் யாருக்காவது விற்றுவிடு.

நன்றாகச் சாப்பிடு.

நார்சிசோ


பயுக்கான்
20 செப்டம்பர் 1988

தம்பி,

கமிலோவின் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் மன்னித்தார். உடம்பு நலம், மனசுதான் சரியில்லை.

நீ என்னைத் திட்டுவாய் என்று நினைத்தேன். திட்டுவதற்கான பதிலைக்கூட எழுதி வைத்திருந்தேன், நன்றாக வந்திருந்தது. நீ "கொடுத்துவிடு" என்கிறாய். ஒரு முழு ஹாலோ பிளாக் உடைந்தால் என்னோடு ஒரு மாதம் பேசாதவன் நீ. உனக்கு என்ன ஆயிற்று?

நான் கையெழுத்துப் போடவில்லை. நேராக இஞ்சினியரிடம் போய், என்ன செய்தால் மனை தப்பும் என்று கேட்டேன். கூட்டம் போடுவோம் என்றார். கூடைப்பந்து மைதானத்தில் கூடினோம், கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து மெதுவாகப் பேசினார்.

"கண்டிப்பா திரும்பி வர மாட்டாங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சவங்க பேரை மட்டும் சொல்லுங்க. அடிச்சிடறேன். கணக்கு குறைஞ்சா நிலையம் சின்னதாயிடும், நெல் ஆலையிலயே அடங்கிடும். டீச்சர் தம்பி மனை தப்பிச்சிடும்."

எல்லோருக்கும் உன் மேல் பிரியம் உண்டு. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அப்புறம் பாஸ்குவாலா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ முதல்ல சொல்லு டீச்சர். உன் தம்பி வர மாட்டான்னு ஒரு வார்த்தை சொல்லு. அடுத்து நான் சொல்றேன்."

எழுந்து நின்றேன். ஒரு பொய்தானே, மனைக்காகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் ஜெபம் செய்துகொள்ளலாம் என்றுதான் எழுந்தேன். வாயைத் திறந்தால் "என் தம்பி வருவான்" என்று வந்தது. மைதானமே கைதட்டியது. இரண்டு பேர் அழுதார்கள். இஞ்சினியர் பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இப்படியாக, நீ வருவாய் என்று சொல்லி, நீ வந்தால் இருக்க வேண்டிய இடத்தை நானே தொலைத்துவிட்டு வந்தேன்.

அப்பாவுக்குப் பின்னால் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது உனக்கு எட்டு வயது. அன்றைக்குத் தொடங்கி இந்த வீட்டுக்கு எவர் என்ன கணக்குக் கேட்டாலும் இரண்டு என்றுதான் சொல்லிப் பழக்கம். நாக்குக்கு வேறு தெரியவில்லை.

என்ன விஷயம் என்று எழுது. உன் கால்சட்டையைத் தைத்தது யார்?

எவாரிஸ்தா


ஜுபைல்
16 அக்டோபர் 1988

அன்பு அக்காவுக்கு,

உன் உடம்பும் மனசும் நலமாக இருக்க வேண்டும். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

நீ கூட்டத்தில் சொன்னதுதான் பொய், அக்கா.

கால்சட்டையைத் தைத்தது கிரெசென்சியா. என் கையைத் தைத்ததும் அவள்தான். ஆஸ்பத்திரி நர்ஸ், நம் நாட்டுக்காரிதான், இலோயிலோ ஊர். இங்கே ஆணும் பெண்ணும் நின்று பேச முடியாது. பஸ் டிரைவர் மூலம் பிளாஸ்கில் சினிகாங் வரும், பிளாஸ்கைக் கழுவி உள்ளே ஒரு சீட்டு வைத்துத் திருப்பி அனுப்புவேன். ஐந்து மாதம் எங்கள் காதலுக்கு மீன் வாடை. ஜூன் மாதம் தூதரகத்தில் கல்யாணம் செய்துகொண்டோம். சான்றிதழ் அதற்குத்தான். அவளுக்குக் கனடாவில், கால்கரியில் வேலை கிடைத்திருக்கிறது. எனக்கும் விசா வந்துவிட்டது. அங்கேயும் கழிவுநீர் நிலையத்துக்குத்தான் எழுதிப் போட்டிருக்கிறேன். பனியில் சாக்கடை உறையாதா என்று கேட்டேன், பூமிக்குள் ரொம்ப ஆழத்தில் போட்டிருக்கிறார்களாம்.

ஒவ்வொரு கடிதத்திலும் எழுத உட்கார்ந்து, உன் முழங்காலை விசாரித்துவிட்டு எழுந்துவிட்டேன். நீ வேலி போடவில்லை என்றதும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். மனையே போகிறது என்றதும் இன்னும் நிம்மதி. மனை இல்லாததால் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. நான் கெட்டவன் அக்கா, ஆனால் அவள் நல்லவள்.

என்னை அடித்துவிடச் சொல். இனி நீ பொய் சொல்ல வேண்டியதில்லை.

உன் தம்பி,
நார்சிசோ


பயுக்கான்
27 நவம்பர் 1988

நார்சிசோ,

வயிறு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை கேட்க மாட்டேன். அதைக் கேட்கத்தான் வேறு ஆள் வந்துவிட்டதே. என் முழங்கால் நலம் இல்லை, ஒத்தடம் கொடுப்பதும் இல்லை, எழுதுவதோடு சரி.

பிப்ரவரிக் கடிதத்தில் சினிகாங் என்று படித்தபோதே பாஸ்குவாலா சொன்னாள், ஆம்பளை வைக்கிற சினிகாங்கில் நம் வீட்டுப் பக்குவம் வராது என்று. பனியைப் பற்றிக் கேட்டபோது எனக்கும் புரிந்துவிட்டது. ஆனாலும் உன் கையெழுத்தில் பார்த்ததும் அழுதேன். கோழிகளுக்குத் தீனி போட மறந்துவிட்டேன், அவ்வளவு அழுதேன். கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாததற்கு உன்னை ஒரு வருடம் மன்னிக்கப் போவதில்லை. அவளிடம் சொல், அவள் மேல் கோபம் இல்லை. இலோயிலோக்காரிகள் மெதுவாகப் பேசிக் காரியத்தைச் சாதிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ அதற்குச் சரியான ஆள்தான்.

போன ஞாயிறு இரண்டாவது கூட்டம் நடந்தது. கையெழுத்து வாங்கத்தான் போட்டார்கள். ஊர்த்தலைவர் அப்பாவின் புகைப்படத்துக்குச் சட்டம்கூடப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நான் எழுந்து நின்றேன்.

"என் தம்பி வர மாட்டான். அடிச்சிடுங்க சார்."

இஞ்சினியர் பென்சிலை எடுக்கவே இல்லை. எனக்குக் காது மட்டும் சூடாக இருந்தது. பாஸ்குவாலா எழுந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"தோகாவுல இருக்கறவன் அங்கயே எவளயோ கட்டிக்கிட்டான், அடிச்சுக்க. பொண்ணுங்க ரெண்டும் சம்பளத்தத்தான் அனுப்புதுங்க, வர்றத பத்திப் பேச்சே இல்ல. கப்பல்ல இருக்கறவனுக்குக் கரை எதுன்னு அவனுக்கே தெரியாது. கடைசிப் பயல மட்டும் அடிக்காத. அவன் ஒண்ணுக்கும் உதவாதவன், அவன எவன் அங்க வெச்சுப்பான்? அவன் வருவான்."

முதலில் சிரித்தது அவள் புருஷன்தான். பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். ரியாத், ரோம், சிங்கப்பூர். சொல்லும்போது சிலர் சிரித்தார்கள், சிலர் மூக்கைச் சிந்தினார்கள். எல்லா வீட்டிலும் தெரிந்துதான் இருந்திருக்கிறது தம்பி. யாராவது முதலில் வாயைத் திறக்க வேண்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். பேரன் பேத்திகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஊர்த்தலைவர் பொறுக்க முடியாமல், "போதும்மா, நிறுத்துங்க, ஊரே காலியாயிடும் போலிருக்கு. பாலாயோங்காரன் மூஞ்சில எப்படி முழிக்கறது" என்றார்.

நிலையம் நெல் ஆலைக்குப் போகிறது. முதலில் பாதி கட்டுவார்களாம், ஊர் வளர்ந்தால் மீதிப் பாதிக்குப் பக்கத்திலேயே இடம் விட்டிருக்கிறார்கள். குழாயும் நீ சொன்ன மாதிரி சின்னதுதான், எல்லாம் நிற்காமல் ஓடுமாம். உன் மனை தப்பிவிட்டது. தப்பி என்ன செய்யப் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று இஞ்சினியர் வீடு வீடாகத் திருத்திக்கொண்டு வந்தார். நம் வீட்டுக்கு நேராக இருந்த இரண்டை அழித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். ரப்பர் தூளை ஊதாமல் கையால் ஒதுக்கினார். அந்த மரியாதை அவருக்கு இருக்கிறது. காபி கொடுத்தேன். பக்கத்துக் கட்டத்தைத் தொட்டு, "இருபது வருஷம் கழிச்சு எத்தனை பேர் டீச்சர்?" என்றார்.

"என்னை ஏன் கேக்கறீங்க? கால்கரிய கேளுங்க" என்றேன். நான் குத்தலாகத்தான் சொன்னேன். அந்த மனிதர் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு, "கேட்டு எழுதுங்க, அதுவரைக்கும் காலியா விட்டு வைக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதனால் நீயும் கிரெசென்சியாவும் உட்கார்ந்து பேசி ஓர் எண்ணை எழுதி அனுப்புங்கள். நிச்சயமாக இருக்க வேண்டியதில்லை, கனடாவில் குளிர் பொறுக்காமல் போகலாம், பிள்ளைகள் பிறக்கலாம், வயதானால் மனசு மாறலாம், எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். ஒன்றுமே தோன்றவில்லை என்றாலும் பூஜ்யம் என்று மட்டும் எழுதிவிடாதே. அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயதுதான் ஆகியிருக்கும். நான் இருப்பேன்.

உன் அக்கா,
எவாரிஸ்தா